டிரம்பெட் வரிசையில் ஆளில்லை

பள்ளி இசைக்குழுவுக்கு அன்று நாற்பதாம் ஆண்டு விழா. சைக்கிள் கொட்டகையில் ஏழே பிள்ளைகளோடு அதைத் தொடங்கிய இயற்பியல் ஆசிரியர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். இடம் கிடைக்காத பழைய மாணவர்கள் சுவரோரமெல்லாம் நின்றார்கள்.

சிக்கல் மேடையில்தான். டிரம்பெட், டிராம்போன் ஊதும் ஆறு பேரும் கால்பந்து அணியிலும் இருந்தார்கள். அன்றைக்கென்று பார்த்து இறுதி ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போய்விட்டது.

மியூசிக் மிஸ் மைக்கைப் பிடித்தார். "பசங்க இன்னும் மைதானத்துலதான் இருக்காங்க. ஆனா வாத்தியமெல்லாம் இங்கதான் இருக்கு. முன்னாடி வாசிச்சவங்க யாராவது மேல வர்றீங்களா?"

பின்வரிசையில் பல் டாக்டர் ஒருத்தி நாற்காலியில் இன்னும் கீழே சரிந்தாள். பள்ளியை விட்ட பிறகு அவள் டிரம்பெட்டைத் தொட்டதேயில்லை. மேடையில் வயலினோடு இருந்த மகள், வந்துவிடாதே என்று கண்ணாலேயே கெஞ்சினாள். பக்கத்தில் கணவனோ, "குளிக்கும்போதெல்லாம் வாயாலயே ஊதுறியே, போயேன்!" என்று தள்ளிவிட்டான்.

போய்விட்டாள். அவளுக்குப் பின்னால் ஒரு பஸ் டிரைவர், ஒரு வக்கீல், இன்னும் மூன்று பேர்.

"அம்மா, மானத்த வாங்கிடாத."

"நான் வாசிச்ச பாட்டுதான்டி. நீ உன் வில்லப் பாரு."

முதல் சுரமே பிசிறியது. அரங்கு சிரித்தது, அவளுக்குக் காது சூடாகிவிட்டது. டிராம்போனோடு இருந்த டிரைவர் குனிந்து, "விடுங்க டாக்டர், என்னுது பஸ் ஹாரன் மாதிரி இருக்கு" என்றார். சிரிப்பில் பயம் போனது. விரல்களுக்குப் பாட்டு நினைவிருந்தது. ஆறு பேரும் சேர்ந்து எழும்பும் இடத்தில் ஒலி கூரையை முட்டியது. மகள் வாசித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். வாய் பிளந்திருந்தது.

அப்போது கதவு படாரென்று திறந்தது. சேறும் வியர்வையுமாக, கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கியபடி அணி உள்ளே ஓடி வந்தது. மிஸ் தாளம் காட்டும் கையை நிறுத்தாமல் கண்ணாலேயே மேடைக்குக் கூப்பிட்டார். டாக்டர் டிரம்பெட்டை, வழக்கமாக அதை ஊதும் கோல்கீப்பரிடம் நீட்டினாள்.

"ஐயோ ஆன்ட்டி, எனக்கு மூச்சே இல்ல. நீங்களே முடிச்சிடுங்க!"

முடித்தாள். முதலில் எழுந்து நின்று கைதட்டியவர் இயற்பியல் ஆசிரியர். அப்புறம் உட்கார்ந்திருந்தவர் யாருமில்லை.

மறுவாரமே மிஸ் பயிற்சி அறையில் பெரியவர்களுக்கென்று ஒரு வரிசை நாற்காலி போட்டார். மகளே அம்மாவைக் கைபிடித்து இழுத்துப்போய் உட்காரவைத்தாள்.