கைக்கு எட்டாத வரிசை

குலு நகரத்தில் எங்கள் கல்லூரி நாற்றங்காலில் ஷியா என்னும் எண்ணெய் மரத்தின் நூற்றிருபது விதைகளைப் பையிலிட்டு நூறு நாளாகியும் ஒரு குருத்துகூடக் கண்ணில் படவில்லை. இறுதியாண்டு ஆய்வுக்கு ஷியாதான் வேண்டுமென்று கேட்டு வாங்கியவள் நான். யாரை நோவது? ஷியா முதலில் கீழே போகும். வேர் ஆழத்துக்கு இறங்கி, மண்ணுக்குள்ளேயே குருத்துவிட்டு, அப்புறம்தான் தலைகாட்டும். அதெல்லாம் படித்ததுதான். படிப்பது வேறு, காத்திருப்பது வேறு.

என் அறைத்தோழி அதிமாங்கோ பீன்ஸ் எடுத்தாள். ஐந்தே நாளில் முளைத்தது, அறிக்கையும் கொடுத்துவிட்டாள். தலைப்பை மாற்றும் படிவத்தை அவளே வாங்கிவந்து என் கட்டிலில் போட்டாள். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

"உன் விதைக்கு வெக்கம் போலிருக்கு, லாகோத். நீயும் பீன்ஸ் போடுடி. ஜனவரில ரெண்டு பேரும் ஒண்ணா பட்டம் வாங்கக் கவுன் மாட்டலாம்."

அந்தக் கவுனுக்கு ஏங்கத்தான் செய்தேன். பட்டமளிப்புக்கென்று அம்மா மஞ்சள் கோமேசி உடை தைத்து, மடிப்புக் கலையாமல் பெட்டியில் வைத்திருக்கிறாள். ஆனால் மண்ணைக் கீறிக்கொண்டு வரும் ஒரே ஒரு குருத்துக்கு அதைவிட ஏங்கினேன். அந்த ஏக்கத்தில்தான் திங்கட்கிழமைதோறும் கைக்கு எட்டிய ஒவ்வொரு பையிலும் விரலை விட்டுத் துழாவிப் பார்ப்பேன். யாரிடமும் சொன்னதில்லை.

வியாழன் காலை படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பைகளைக் கொட்டப் போனேன். பைகள் அடுக்கியிருந்த மேசையை இழுத்ததும் சுவரோர இருட்டில் கிடந்த கடைசி வரிசை வெளிச்சத்துக்கு வந்தது. பன்னிரண்டு பைகளில் ஏழில் செம்பழுப்பாய்க் குருத்து.

அழுதேவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. அந்த வரிசைக்கு என் கை எட்டாது. முன்வரிசைப் பை ஒன்றைக் கிழித்துப் பார்த்தேன். வேர் அடிவரை இறங்கியிருந்தது. குருத்தின் நுனி மட்டும் ஒடிந்து கறுத்திருந்தது. அடுத்த பையிலும் அப்படியே. அவசரக்காரிக்குப் புத்தி மட்டு.

ஆய்வை மேற்பார்க்கும் ஓர்யேமா ஐயாவிடம் எதையும் மறைக்கவில்லை. அவர் திட்டவுமில்லை. ஏழு கன்றை வைத்து ஒன்றும் எழுத முடியாது, புது விதை அடுத்த பருவத்தில்தான் கிடைக்கும், பட்டம் ஓராண்டு தள்ளும், வேண்டாமென்றால் பீன்ஸ் இருக்கிறது என்றார்.

அம்மாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். ஷியாவை விட மனமில்லை, கோமேசி ஒரு வருஷம் பெட்டியிலேயே கிடக்கும் என்றேன்.

"கிடக்கட்டும். உன்னை வயித்துல வச்சிருந்தப்ப நான் தினமும் விரலை விட்டா பாத்தேன்?"

வெள்ளிக்கிழமை அதிமாங்கோ கவுனுக்கு அளவு கொடுக்கப் போனாள். நான் படிவத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு நாற்றங்காலுக்குப் போனேன். ஏழு கன்றுகளுக்கு நடுவே, இன்னும் தலைகாட்டாத ஐந்து பைகள் இருந்தன. கை பரபரத்தது. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.