ரோகினியின் விடியலும் நெல்சனின் தூக்கமும்

ரோகினி கல்யாணம் முடிந்து பகாவ் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்துக்கு வந்தபோது அவளுக்கு நாற்பது தாண்டியிருந்தது. அதுவரை சிரம்பானில், ரஹாங்கில், அக்கா வீட்டிலேயே இருந்துவிட்டவள். இனிமேல் தனக்கென்று ஒரு வீடு அமையாது என்று மனத்தைத் தேற்றிக்கொண்ட நேரத்தில்தான் நெல்சன் வந்து கேட்டான். அவன் வேதக்காரன், இவள் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவள். இரண்டு வீட்டிலும் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்கள். அப்புறம், "இந்த வயசுலயாவது ஆளுக்கொரு துணை கிடைச்சுதே" என்று தாங்களாகவே இறங்கி வந்தார்கள்.

நெல்சனுக்குத் தோட்டத்துச் செம்பனை எண்ணெய் ஆலையில் பாய்லர் பகுதியில் வேலை. மதிய ஷிப்ட். வீடு திரும்ப நடுராத்திரி ஆகிவிடும். ரோகினியோ சிரம்பான் தொழிற்சாலை வேலையை விடவில்லை. இருட்டோடு இருட்டாகத் தோட்டத்து முன்வாசலுக்கு வேன் வந்துவிடும். அவன் வரும்போது அவள் தூங்குவாள், அவள் கிளம்பும்போது அவன் தூங்குவான். உட்கார்ந்து சேர்ந்து சாப்பிடுவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். மற்ற நாளில் அவளுடைய சாப்பாட்டு நேரத்தில் அவன் போன் அடிப்பான். பொண்டாட்டியும் புருஷனுமாக அவர்கள் குடும்பம் நடத்தியதே அந்தப் போனில்தான்.

அதிலும் ஒரு தொல்லை. அந்தத் தோட்டத்தில் லைன் கிடைப்பது குதிரைக்கொம்பு. அவர்கள் வீட்டில் கூடத்துச் சன்னல் கம்பியோரம் மட்டும் கொஞ்சம் எடுக்கும். அங்கே நின்று பேசினாலும் பாதியில் அறுந்துபோகும். "அந்த மீன..." என்பான். அந்த மீனை வறுப்பதா, குழம்பு வைப்பதா, பூனைக்குப் போடுவதா என்று தெரியாமல் ரோகினி சாயங்காலம்வரை மண்டையை உடைத்துக்கொள்வாள்.

வேன் ஓட்டும் முனியாண்டி தோட்டத்துக்குள் நுழையும்போது ஒரு மிஸ்கால் கொடுப்பார். அதற்காகப் போனைச் சன்னலில்தான் வைத்தாக வேண்டும். அலாரமும் அந்தப் போனில்தான். சன்னலில் வைத்த போன் அறைக்குள் கேட்கவேண்டுமென்றால் சத்தத்தை முழுசாகக் கூட்டவேண்டும். கூட்டினால் பக்கத்து வீட்டு வள்ளிநாயகியக்காவின் கோழிகள்கூட விழித்துக்கொள்ளும், இப்போதுதான் கண்ணயர்ந்த நெல்சன் விழிக்காமல் இருப்பானா? அவன் முகத்தைப் பார்க்க ரோகினிக்குப் பாவமாக இருந்தது. சத்தத்தைக் குறைத்து வைத்தாள். விளைவு, ஒரே மாதத்தில் இரண்டு தடவை வேன் போய்விட்டது.

ஆனால் அதற்கப்புறம் ஒரு அதிசயம். அலாரம் எவ்வளவு மெல்ல அடித்தாலும் அவளுக்குச் சரியாக விழிப்பு வந்துவிடும். பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

தொழிற்சாலைக்கு விடுமுறையான ஒரு சனிக்கிழமை, நெல்சனோடு வேலை செய்யும் சந்திரன், இரவல் வாங்கிய காற்றடிக்கும் பம்பைத் திருப்பிக் கொடுக்க வந்தார். நெல்சன் குளித்துக்கொண்டிருந்தான்.

"தங்கச்சி, இவனுக்கு ஒடம்பு சரியில்லியா?"

"இல்லியேண்ணே. ஏன்?"

"நின்னுகிட்டே தூங்கறான்லா. நேத்து பாய்லர் மீட்டரப் பார்த்துகிட்டே கண்ணு சொருகிட்டான். நான்தான் தோள்ல ஒரு தட்டு தட்டினேன். சூடான எடம், தங்கச்சி. கிளினிக்குக் கூட்டிட்டுப் போ."

ரோகினி பம்பை வாங்கி வாசலோரம் வைத்துவிட்டு அவரை வழியனுப்பினாள். நெல்சன் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து, சந்திரன் போன பக்கத்தையும் அவள் முகத்தையும் பார்த்தான். புரிந்துவிட்டது.

"அவன் சும்மா சொல்வான்."

"ராத்திரி நீங்க தூங்கறீங்களா இல்லியா? உண்மையச் சொல்லுங்க."

அவன் துண்டைக் கொடியில் போட்டு, சுருக்கம் எடுத்து, மறுபடியும் சரிசெய்தான். பிறகு சொன்னான்.

"வேலை முடிஞ்சு வந்து படுத்தா, நீ எழுந்திரிக்கற நேரத்துக்குக் கொஞ்சம்தானே இருக்கு. தூங்கிட்டா நானும் எந்திரிக்க மாட்டேன். அலாரம் அடிக்கறது உனக்கு எங்க கேக்குது? மறுபடியும் வேன விட்டுட்டீனா அந்த சூப்பர்வைசர் உன்னத் திட்டுவான். அதான் முழிச்சுகிட்டுப் படுத்திருப்பேன். அலாரம் அடிச்சதும் உன் தோளத் தொட்டுட்டு, தூங்கறாப்ல திரும்பிப் படுத்துக்குவேன்."

"அப்புறமாவது தூங்கலாம்ல?"

"அப்புறம் எங்க தூக்கம் வருது? விடிஞ்சிடுதே."

ரோகினிக்குக் கோபம் வந்தது. கோபம் வந்த வேகத்தில் கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது. ஒருவன் தூக்கம் கெடக்கூடாதென்று அவள் சத்தத்தைக் குறைத்தாள். குறைத்ததாலேயே அவன் தூங்காமல் கிடந்திருக்கிறான். "ரெண்டு பேரும் நல்லா குடும்பம் நடத்தறோம்" என்று மூக்கை உறிஞ்சினாள். நெல்சன் சிரித்துவிட்டான். அவளும் சிரித்தாள்.

மறுநாள் சர்ச்சில் அவன் ஞாயிற்றுப் பூசை முடிந்ததும் இருவரும் மோட்டார் சைக்கிளில் பகாவுக்குப் போனார்கள். முதலில் கைப்பேசிக் கடை. கடையை நடத்துகிறவள் டான்யா, நெல்சன் போகிற சர்ச்சில் பாடுகிறவள். பெரிய பிளானாக ஒன்றை எடுத்து வைத்தாள்.

"இதுல டேட்டா எக்கச்சக்கம்கா. படம் பார்க்கலாம், பந்தாட்டம் பார்க்கலாம்."

"எப்ப பார்க்கறது? எங்களுக்குப் பேசணும்மா. பேசறப்ப அறுந்து போகக்கூடாது. அவ்வளவுதான்" என்றாள் ரோகினி.

டான்யா அந்த அட்டையை மடித்து உள்ளே வைத்துவிட்டாள். "அப்ப பிளானப் பத்தி அப்புறம் பேசலாம். உங்க வீட்டுல எந்தக் கம்பெனி லைன் எடுக்குதுன்னு பாருங்க மொதல்ல. எங்கிட்ட சோதிச்சுப் பாக்கற சிம் மூணு இருக்கு. கொண்டு போங்க. நாளைக்குக் குடுத்தாப் போதும்."

அடுத்தது கடிகாரக் கடை. கடை முதலாளியான சீனத் தவுக்கேவுக்குத் தமிழ் தண்ணீர்பட்ட பாடு. அப்பா காலத்திலிருந்தே தோட்டத்து வியாபாரம். சேவல் மாதிரி கூவுவது, வெளிச்சம் போட்டு எழுப்புவது என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். எல்லாவற்றுக்கும் ரோகினி தலையை ஆட்டி மறுத்தாள்.

"எனக்கு மட்டும் கேக்கணும் தவுக்கே. அவருக்குக் கேக்கக்கூடாது."

அவர் யோசித்துவிட்டு உள்ளே போய் ஒரு பெட்டியைத் துடைத்துக்கொண்டு வந்தார். சின்னக் கடிகாரம், அதிலிருந்து ஒரு கம்பி, கம்பியின் முனையில் பிஸ்கட் மாதிரி ஒரு வட்டு. "இது சத்தமே போடாது. ஆட்டும். காது கேக்காத ஆளுங்க வாங்கறது."

வீட்டுக்கு வந்ததும் சிம் சோதனை ஆரம்பித்தது. நெல்சன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அறை அறையாக நடந்தான். முதல் சிம் எங்கும் எடுக்கவில்லை. இரண்டாவது, குளியலறைத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் ஏறி நின்றால் மட்டும் எடுத்தது. சுவருக்கு மேலே அவன் தலை தெரிந்ததும் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வள்ளிநாயகியக்கா எட்டிப் பார்த்தார்.

"தம்பி, அங்க ஏறி நின்னு யாரக் கூப்புடற?"

"லைனக் கூப்புடறேன்கா!"

"வந்தா எனக்கும் சொல்லு!"

மூன்றாவது சிம்மைப் போட்டதும் அடுப்படியிலேயே கோடுகள் நிறைந்தன. படுக்கையறையிலும் எடுத்தது. நம்பிக்கை வராமல் நெல்சன் அந்தப் போனை அவளிடம் கொடுத்துவிட்டு, பழைய லைன் எடுக்கும் தோட்டத்துக் கோயில் மேடுவரை நடந்துபோய் அங்கிருந்து தன் போனில் அவளைக் கூப்பிட்டான். அவன் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. பழைய எண்ணை மாற்றாமலே அந்தக் கம்பெனிக்குப் போய்விடலாம் என்று டான்யா சொல்லியிருந்தாள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசக்கூடிய சாதாரணப் பிளான் ஒன்றை இருவருக்கும் எடுத்துக்கொண்டார்கள்.

கடிகாரம் அவ்வளவு லேசில் வழிக்கு வரவில்லை. முதல் நாள் அந்த வட்டை மெத்தைக்கு அடியில் நட்டநடுவில் வைத்துவிட்டாள். விடிகாலையில் கட்டிலே அதிர்ந்தது. நெல்சன் துள்ளி எழுந்து, "சந்திரா, வால்வத் திற!" என்று கத்தினான். ரோகினி சிரித்த சிரிப்பில் அன்றைக்கும் வேன் போயிருக்கும்; முனியாண்டி நல்ல மனுஷன், கொஞ்சம் பொறுத்தார்.

மறுநாள் வட்டைத் தன் தலையணை உறைக்குள்ளேயே செருகி, தலையணையைக் கட்டிலின் ஓரத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள். கன்னத்துக்குக் கீழே யாரோ கிச்சுகிச்சு மூட்டுவதுபோல் இருந்தது. உடனே கண் விழித்து அதை நிறுத்தினாள். திரும்பிப் பார்த்தாள். நெல்சன் வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். கல்யாணமாகி இத்தனை மாதத்தில் அவன் குறட்டை விடுவான் என்பதே அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. விளக்கைப் போடாமல் உடுத்திக்கொண்டு, கதவை ஓசைப்படாமல் சாத்திவிட்டுப் போனாள். வேனில் ஏறும்போது அவள் முகத்தைப் பார்த்த முனியாண்டி, "என்னம்மா, நாலு நம்பர் லாட்டரி அடிச்சிருச்சா?" என்று கேட்டார்.

மதியம் போன் வந்தது.

"நீ எப்ப போன? எனக்கு ஒண்ணுமே தெரியல" என்றான் நெல்சன். குரலில் இன்னும் தூக்கத்தின் கரகரப்பு இருந்தது.

"பசியாறியாச்சா?"

"இப்பதான். நேரா மத்தியானச் சாப்பாடே சாப்டேன்."

வீட்டுச் செய்தி சொன்னான். வள்ளிநாயகியக்கா கொடுத்த முருங்கைக்கீரை, கதவில் கழன்ற கொண்டி, கோலா பிலாவில் இருக்கும் மாமா பேத்தியின் பிறந்தநாள். அவள் சூப்பர்வைசரைப் பற்றிச் சொன்னாள். முன்பெல்லாம் எங்கே அறுந்துவிடுமோ என்று மூச்சுவிடாமல் கொட்டுவார்கள். இன்றைக்கு எல்லாவற்றையும் நிதானமாகப் பேசி முடித்தும் நேரம் இருந்தது. பேச வேறொன்றும் இல்லை. வைக்கவும் மனமில்லை.

"சாப்புடு நீ. நான் லைன்லயே இருக்கேன்" என்றான்.

ரோகினி போனைச் சாப்பாட்டுப் பாத்திரத்தின் மேல் சாய்த்து வைத்துவிட்டுச் சோற்றைப் பிசைந்தாள். அந்தப் பக்கத்தில் அவன் கிளாஸ் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.