இருபத்திரண்டாவது நிமிடம்

பத்தொன்பது வருடங்களாக நான் ஓர் ஆளைத் தேடிக்கொண்டிருந்தேன். கிடைத்தால் என்ன சொல்வது என்று எழுதிக்கூட வைத்திருந்தேன். எட்டுப் பக்கம்.

பெயர் தெரியாது, முகம் தெரியாது. குரல் மட்டும் தெரியும். அதுவும் ஆறு விநாடி.

டின் ஹெரன் என்று ஓர் இசைக்குழு. ஐந்து பேர். ரேடியோவில் அவர்கள் பாட்டு வந்ததில்லை; வரவும் முடியாது. ஒரு பாட்டு முடிவதற்குள் செய்தி, வானிலை, மறுபடி செய்தி எல்லாம் தாண்டிவிடும். ஒரு நாள் வாசித்த மாதிரி இன்னொரு நாள் வாசிக்க மாட்டார்கள். அதனால் எங்களைப் போன்ற பிரகிருதிகள் ஊர் ஊராக அவர்கள் பின்னால் போவோம். போன வருடம் வரை என் கணக்கு இருநூற்றுப் பதினாறு கச்சேரி. கல்யாண நாள் எது என்று கேட்டால் நான் கூரையைப் பார்ப்பேன். கச்சேரித் தேதியைச் சொல்லுங்கள், முதல் பாட்டிலிருந்து வரிசையாக ஒப்பிப்பேன். பிழைப்புக்கு ஓஷ்கோஷ் என்ற ஊரில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறேன். பெயர் வென்டல் ஹாஸ்கின்ஸ்.

கச்சேரியை யார் வேண்டுமானாலும் பதிவு செய்துகொள்ளலாம் என்று குழு அனுமதித்திருந்தது. அதற்காகவே மைதானத்தின் நடுவில் கயிறு கட்டிய ஒரு சதுரம். உள்ளே ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கில் கம்பிகள், நுனியில் மைக்குகள். கயிற்றுக்குள் வந்தவன் பேசக் கூடாது, இருமக் கூடாது, கை தட்டக் கூடாது. பதிவை யாரும் விற்கக் கூடாது. கேட்பவருக்கெல்லாம் பிரதி எடுத்துக் கொடுக்க வேண்டும். எழுதாத சட்டம். ஆனால் மீறியவனைப் பார்த்தால் எங்கள் ஆட்கள் கொலைகாரனைப் பார்த்தது போல ஒதுங்குவார்கள்.

அந்தச் சதுரத்தின் ராஜா ஆரின் டாபல்ஸ்டீன். என்னைவிடப் பன்னிரண்டு வயது பெரியவன். பால் பண்ணைக்கு இயந்திரம் பழுது பார்ப்பவன். அவனுடைய கம்பி, மைக் மூட்டையைத் தூக்கிப் போவது என் வேலை. அவன் பதிவில் மழை பெய்தால் நீங்கள் குடை தேடுவீர்கள்.

1998 ஆகஸ்ட் பதினைந்து. வாசா என்ற ஊருக்கு வெளியே, பனிச்சறுக்கு நடக்கும் மலைச் சரிவு. அன்றைக்கு அவர்கள் 'ஐஸ்ஹவுஸ் ரோடு' என்ற பாட்டை முப்பத்து நான்கு நிமிடம் வாசித்தார்கள். இருபத்திரண்டாவது நிமிடத்தில் மற்ற நால்வரும் நிறுத்திவிட, பியானோ வாசிக்கும் கோரா மட்டும் ஒவ்வொரு கட்டையாகத் தொட்டாள். மூவாயிரம் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். நான் கயிற்றுக்குள், ஆரினுக்குப் பக்கத்தில், கண்ணில் நீர் வழிய நின்றுகொண்டிருந்தேன். அந்தப் பாட்டை அவர்கள் அதற்குப் பிறகு வாசிக்கவே இல்லை.

அந்தக் கணத்தில்தான், ஆரினின் மைக்குக்கு வெகு பக்கத்தில், ஒரு மகாபாவி வாயைத் திறந்தான்.

"சீஸ் ஆறிப்போச்சு. சூடா தர்றேன்னுதானே சொன்னான்?"

பொரித்த சீஸ் உருண்டையைப் பற்றிய விமரிசனம். கோராவின் பியானோவுக்கு மேல்.

ஆரினின் பதிவைக் குழுவே இசைத்தட்டாக வெளியிடுவதாக இருந்தது. அட்டைப்படம் வரை தயார். சீஸைக் கேட்டதும் கைவிட்டுவிட்டார்கள். ஆரின் வாழ்க்கையில் அப்படி ஒரு வாய்ப்பு இன்னொரு முறை வரவில்லை. அசல் டேப்பும் வீடு மாறும்போது தொலைந்துபோனது. மிஞ்சியது பிரதிக்குப் பிரதி எடுத்த கேசட்டுகள், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போன்ற சத்தத்துடன்.

ஆரின் அதைப் பற்றிப் பேச மாட்டான். அவனுக்கும் சேர்த்து நான் பேசினேன். எட்டுப் பக்கக் கண்டனம் எழுதி ரசிகர் பத்திரிகையில் போட்டேன். 'சீஸ்காரா, வாயை மூடு' என்று டி-ஷர்ட் அச்சடித்து வினியோகித்தேன். கயிற்றுச் சதுரத்துக்கு அமைதிக் காவலனாக என்னை நானே நியமித்துக்கொண்டு, தும்ம வந்தவர்களை மூக்கைப் பிடித்து வெளியே அனுப்பினேன். பார்க்கிங்கில் அந்த டேப்பை ஓடவிட்டால், இருபத்திரண்டாவது நிமிடம் வந்ததும் கூட்டமே சீஸ் வசனத்தைக் கூவும். எவ்வளவு வெறுப்பு பாருங்கள் என்று நான் பெருமைப்படுவேன்.

போன வருடம் ஆகஸ்டில், அதே மலைச் சரிவில் மறுபடி கச்சேரி என்று அறிவித்தார்கள். அதற்கு ஒரு வாரம் முன்பு ஆரின் போன் செய்தான். அக்கா வீட்டு கராஜில் அசல் டேப் கிடைத்துவிட்டதாம். மாடிசன் ரேடியோ நிலையத்தில் வேலை பார்க்கும் அவன் தங்கை மகள் பிரைடி அதைச் சுத்தம் செய்துவிட்டாளாம். சனிக்கிழமை மத்தியானம், கச்சேரிக்கு முன்னால், பார்க்கிங்கில் எல்லோருக்கும் போட்டுக் காட்டப் போகிறானாம்.

"முதல்ல நீ கேளு, வென்டல். எனக்கு மேல் ஸ்தாயி எதுவும் கேக்கறதில்ல இப்ப. டாக்டர் இனிமே திரும்பாதுன்னுட்டார். உன் காதுதான் என் காது. ஏதாவது சரியில்லன்னா நேரா பிரைடிகிட்ட சொல்லிடு."

பெருமையில் ஓர் அங்குலம் வளர்ந்தேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சமையலறை மேஜையில் கண்ணை மூடி உட்கார்ந்தேன்.

கண்ணாடி போன்ற பதிவு. டிரம் வாசிப்பவரின் நாற்காலி கிறீச்சிடுவதுகூடக் கேட்டது. இருபத்திரண்டாவது நிமிடம். பியானோ. பிறகு அந்தப் பாவி.

"சீஸ் ஆறிப்போச்சு. சூடா தர்றேன்னுதானே சொன்னான்?"

கேசட்டில் இத்தனை வருடம் கேட்காத ஒன்று, பிரைடி இரைச்சலைத் துடைத்த பிறகே மேலே வந்த ஒன்று, அதன் பின்னாலேயே வந்தது. மெல்லிய பெண் குரல். கிசுகிசுப்பு.

"வென்டல்... மெதுவா."

ஹெட்போனைக் கழற்றினேன். அடுப்படியில் அந்தக் கிசுகிசுப்பின் சொந்தக்காரி உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். என் மனைவி மார்லிஸ்.

அன்று நான் சாப்பிட்டேனா என்று கேட்டேன். ஒரு பெரிய தட்டு, தனியாளாக என்றாள். அழுதேனே என்றேன். வெயிலில் மூன்று பீர் குடித்தால் உனக்குக் கண்ணில் தண்ணீர் வரும், அன்றைக்கும் வந்தது என்றாள். கத்தி நிற்கவில்லை.

"அப்ப உனக்குத் தெரியுமா?"

"நான் பக்கத்துலதானே நின்னேன்."

"பத்தொம்போது வருஷம், மார்லிஸ். ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"அவனைத் திட்டும்போது உன் மூஞ்சியில ஒரு களை வரும். எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன். டி-ஷர்ட்டைக்கூட நான்தானே மடிச்சு வெச்சேன்."

யோசித்துப் பாருங்கள். சனிக்கிழமை மத்தியானம். இருநூறு பேர். ஆரினின் பெரிய ஸ்பீக்கர். அதில் என் பெயர். ஆரினுக்கு மட்டும் அந்தக் கிசுகிசுப்பு கேட்காது. சுற்றி இருப்பவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வான். அவன் இசைத்தட்டைக் கெடுத்தவன் பக்கத்திலேயே நின்று பத்தொன்பது வருடம் மூட்டை தூக்கியிருக்கிறான் என்று.

உடனே போனை எடுத்து ஆரினிடம் உண்மையைச் சொல்லியிருப்பான் மனிதன். நான் போனை எடுத்தேன். பிரைடியை அழைத்தேன்.

இருபத்திரண்டாவது நிமிடத்தில் கொஞ்சம் இரைச்சல் இருக்கிறது, அந்தக் குரலை அப்படியே எடுத்துவிட முடியுமா என்றேன். இப்போதெல்லாம் முடியும், ஒரு மணி நேர வேலை என்றாள்.

"மாமாகிட்ட கேட்டீங்களா?"

"கேட்டுட்டேன்," என்றேன். கோர்ட்டில் இதற்குப் பெயர் பொய்ச் சாட்சி.

மார்லிஸ் உருளைக்கிழங்கை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். கத்தி இப்போது நின்றுவிட்டது. அதுதான் கஷ்டமாக இருந்தது.

சனிக்கிழமை. பார்க்கிங் புல்வெளியில் கார்கள், மடக்கு நாற்காலிகள், அடுப்பில் பிராட்வர்ஸ்ட் இறைச்சி வாசனை. ஆரின் தன் பழைய வேனின் பின்கதவைத் திறந்து ஸ்பீக்கர்களை வைத்தான். காதில் புதிய கேட்கும் கருவி; அது விசிலடிக்கிறது என்று அடிக்கடி தட்டிக்கொண்டான். கூட்டம் சுற்றி உட்கார்ந்தது. நூறு பேராவது என் டி-ஷர்ட்டில்.

பாட்டு ஆரம்பித்தது. பத்து நிமிடத்தில் பெரிய பெரிய தாடிக்காரர்கள் மூக்கைத் துடைத்தார்கள். ஆரின் பாட்டைக் கேட்கவில்லை. ஆட்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு இனி அதுதான் பாட்டு. இருபதாவது நிமிடம். இருபத்தொன்று. கூட்டம் மூச்சை இழுத்துக்கொண்டு தயாரானது.

இருபத்திரண்டு. இருநூறு தொண்டைகள் சேர்ந்து கூவின.

"சீஸ் ஆறிப்போச்சு!"

ஸ்பீக்கரில் பியானோ மட்டும். சுத்தமான, தெளிவான, வெறும் பியானோ.

கூட்டம் விழித்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஓர் அம்மாள் எழுந்து நின்றாள். மில்வாக்கி தபால்காரி டெல்ஃபின். நூற்றெண்பது கச்சேரி பார்த்தவள்.

"சீஸ்காரன் எங்க?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு ரகளை. யார் வெட்டியது, யாரைக் கேட்டு வெட்டியது, எங்கள் கல்யாணத்தில் கேக் வெட்டியதே அந்த வரிக்குத்தான் என்று ஆளாளுக்குக் கிளம்பிவிட்டார்கள். எங்கள் நாயின் பெயரே சீஸ்காரன் என்று ஒருவர் கண் கலங்கினார். பத்தொன்பது வருடமாக அவர்கள் கூவியது வெறுப்பில் அல்ல, பிரியத்தில் என்ற விஷயம் எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் கூட்டத்தில் அவனை வெறுத்த ஒரே ஆள் நான்தான்.

ஆரின் பாட்டை நிறுத்தினான்.

"நான் எதையும் வெட்டச் சொல்லலியே," என்றான். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினான். "வென்டல், நீ கேட்டியே? சரியா இருந்துதா அப்ப?"

தப்பிக்க அப்போதும் வழி இருந்தது. பிரைடியின் கம்ப்யூட்டர் கோளாறு என்று ஒரு வரி போதும். அவன் நம்புவான். என் காதுதானே அவன் காது. அதை நினைத்ததும்தான் எழுந்து நின்றேன்.

"நான்தான் எடுக்கச் சொன்னேன், ஆரின். அந்தக் குரல் நான். போன வாரம்தான் தெரிஞ்சுது. மார்லிஸ் என் பேரைச் சொல்றா அதுல. உனக்குக் கேக்காதுன்னு தெரிஞ்சுதான் மறைச்சேன்."

என் தலையில் கல் விழும் என்று எதிர்பார்த்தேன். விழுந்தது சிரிப்பு.

நான்தான் சீஸ்காரன் என்று சொல்லிக்கொண்டு இதற்கு முன் ஆறு பேர் வந்திருக்கிறார்களாம். எனக்கு ஏழாவது எண்ணாம். ரேசினில் ஒரு பல் டாக்டர் பத்து வருடமாக அந்தப் பெயரில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறாராம். சொல்லிக் காட்டு பார்க்கலாம் என்றாள் டெல்ஃபின். சொன்னேன். எனக்கே உருக்கமாக இருந்தது.

"பல் டாக்டர் இதைவிட நல்லா சொல்வாருய்யா," என்றாள். கூட்டம் ஆமோதித்தது.

ஆயுள் முழுக்க அமைதியாக நின்றதாகச் சொன்னபோது நம்பியவர்கள், உண்மையைச் சொன்னபோது நம்பவில்லை. மார்லிஸைச் சாட்சிக்குக் கூப்பிடலாமா என்று பார்த்தேன். அவள் மும்முரமாகத் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

ஆரின் சிரிக்கவில்லை. அவன் நம்பினான். வேனின் பின்பக்கத்தில் உட்கார்ந்து, தன் பக்கத்தில் இடத்தைத் தட்டினான். போய் உட்கார்ந்தேன்.

"அன்னிக்கு நீ பேசினது ஒண்ணுமில்ல," என்றான். "குடிச்சவன் பேசினான், போச்சு. இசைத்தட்டும் போச்சு, நானும் விட்டுட்டேன். போன வாரம் பண்ணினியே, அதுதான். நான் உன்னைக் கேட்டேன். காது போன மனுஷன் உன்னைக் கேட்டேன்."

எட்டுப் பக்கம் எழுதத் தெரிந்த நான் குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்டினேன்.

பிரைடியிடம் சொல்லி அந்தக் குரலை மறுபடி சேர்க்கப் போவதாகச் சொன்னான். மார்லிஸின் கிசுகிசுப்பையும் சேர்த்து. பெயர் தெளிவாகக் கேட்க வேண்டுமாம். அப்படியே செய் என்றேன். வழக்கம் போலக் கம்பி மூட்டையைத் தூக்கிக்கொண்டு அவன் பின்னால் மைதானத்துக்குள் போனேன். மைக்கை ஏற்றிக் கட்டினோம். சதுரத்துக்குள் என் பழைய இடத்தில் நிற்கப் போனபோது அவன் கயிற்றைத் தூக்கிப் பிடித்தான். வெளியே போக.

"மூட்டை தூக்க வா. எப்பவும் வா. மைக் பக்கம் மட்டும் வேணாம்."

குனிந்து வெளியே வந்தேன். கயிற்றுக்கு அந்தப் பக்கம் அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமல், பதிவுக் கருவியில் ஊசி ஆடுகிறதா என்று பார்த்தான்.

மலைச் சரிவின் உச்சியில், பின்வரிசைப் புல்லில் மார்லிஸ் போர்வை விரித்திருந்தாள். இருநூற்றுப் பதினேழாவது கச்சேரி. அவ்வளவு தூரத்திலிருந்து நான் பார்ப்பது முதல் தடவை. மேடையில் ஐந்து பேரும் தீக்குச்சி போலத் தெரிந்தார்கள். பாட்டு காற்றில் வந்து வந்து போனது. பக்கத்துப் போர்வையில் ஒருவர் தன் விவாகரத்தை நண்பரிடம் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். கழுத்து நரம்பு புடைக்கத் திரும்பினேன், உதட்டில் விரல் வைக்க.

மோட்டார் படகு யாருக்கு என்ற கட்டத்தில் இருந்தார். மனைவி படகை எடுத்துக்கொண்டு இஞ்சினை இவரிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

விரலை இறக்கினேன்.

"அப்புறம் என்ன பண்ணினீங்க?" என்று கேட்டேன்.

மார்லிஸ் என் தொடையில் கிள்ளினாள்.