அய்யாவுவின் மூக்கு

கட்டட வேலையிலேயே முதுகு வளைந்துபோன அய்யாவு, கிள்ளான் வீட்டில் சாமிப் படம் வைக்க ஒரு பலகை அடித்தார். "கோணலா இருக்குங்க" என்றாள் மனைவி பூமணி. சமம் பார்க்கும் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். குமிழி நடுவில்தான் நின்றது. ஆனாலும் கழற்றி மறுபடி அடித்தார்.

"இப்பவும் கோணல்தான். வயசாயிருச்சு உங்களுக்கு."

வயசானது அவள் கண்ணுக்கு. கோலாலம்பூர் டாக்டர் கட்டம் போட்ட தாளைக் காட்டியபோது, "இத யாரு இப்படி வளைச்சு வளைச்சுப் போட்டது?" என்று கேட்டாள். இடது கண்ணின் நடுப்பார்வை போன வருஷமே போயிருந்தது. இப்போது வலது கண்ணிலும் தொடங்கிவிட்டது. புது வைத்தியம், கண்ணுக்குக் கதிர்வீச்சு வைத்துப் பார்க்கலாம், போனது திரும்பாது, இருப்பது நின்றாலும் நிற்கலாம் என்றார் டாக்டர்.

திரும்பும் வழியில், பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் பூமணி சோற்றைத் தொடவில்லை.

"உண்மையச் சொல்லுங்க. எனக்குப் புற்றுநோய்தானே?"

"யாரு சொன்னா?"

"கரண்ட் வைக்கிறது அதுக்குத்தான். பக்கத்து வீட்டு ராதாகிருஷ்ணனுக்கு வச்சாங்களே!"

"இது கண்ணுக்குப் புள்ள. சத்தியமா."

"நீங்க பொய் சொன்னா மூக்கு விடைக்கும். அத வச்சுத்தான் இத்தன வருஷம் உங்களோட குடும்பம் நடத்தினேன். இப்ப மூக்கு இருக்கற எடத்துல ஒரு கறுப்புத் திட்டுதான் தெரியுது. எதப் பாத்து நம்புறது?" தட்டைத் தள்ளி வைத்தாள். "என்ன நோவுன்னு தெரியாம அங்க போய்ப் படுக்க மாட்டேன்."

கதிர் வைக்கும் நாளன்று அறை வாசல்வரை வந்துவிட்டு, உள்ளே போகமாட்டேன் என்று நின்றுவிட்டாள். அய்யாவு விஷயத்தைச் சொன்னதும் நர்ஸ் சந்திரகலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஆன்டி, நேராப் பாத்தா திட்டு மறைக்கும் லா. அங்கிள் காதப் பாருங்க. மூக்கு தானா ஓரத்துல வரும்."

அய்யாவு முகத்தை வெளிச்சத்துக்குக் காட்டிக்கொண்டு நின்றார். பூமணி அவர் காதையே பார்த்தாள். கல்யாணமான புதுசில், மாமியார் பக்கத்தில் இருக்கும்போது இப்படித்தான் அவரைப் பார்க்காமல் பார்ப்பாள்.

"இப்பச் சொல்லுங்க."

"கண்ணுக்கு மட்டும்தான். வேற ஒண்ணும் இல்ல."

கொஞ்ச நேரம் பார்த்தாள். "விடைக்கல" என்று சொல்லி, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

கனத்த கதவு மூடிக்கொண்டது. அவள் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்ற அய்யாவு, நாற்காலி காலியாக இருந்தும் உட்காரவில்லை.

"வலியே இல்லங்க" என்றபடி வெளியே வந்தாள் பூமணி. "இன்னும் சில நாள் வரணுமாம். நீங்க பயந்துட்டீங்களா?"

"நானா? சேச்சே."

பூமணி அவர் காதைப் பார்த்தாள்.

"விடைக்குதே" என்று சொல்லி, அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.