துணி காயும் இடத்தில் ஓர் அறை

யோகேஸ்வரிக்கு ஐம்பத்தைந்து வயதாகிச் சேமநிதிப் பணம் கைக்கு வந்ததும், மலேசியாவில் அவள் குடியிருந்த பீடோங் தாமான் குடியிருப்பில் அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். தங்கத்தில் போடு என்றார்கள், மகன் கல்யாணத்துக்கு ஒதுக்கு என்றார்கள். அவள் எல்லாருக்கும் சிரித்து வைத்தாள். வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போடும் இடத்தில் நாத்தனார் ரமணிக்கு ஓர் அறை கட்டுவதென்று முன்பே முடிவு செய்திருந்தாள்.

கணவன் ராமையா லாரி விபத்தில் போனபோது மகன் திவாகருக்குப் பத்து வயது, மகள் லோகேஸ்வரிக்கு நாலு. காரியம் முடிந்து சொந்தபந்தம் கலைந்த பிறகும் அவனுடைய அக்கா ரமணி மட்டும் கிளம்பவில்லை. சிடாம் கிரி ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவள், வேலையை விட்டுவிட்டு ஒரு துணிப்பையோடு இங்கேயே தங்கிவிட்டாள். அவளை நம்பித்தான் யோகேஸ்வரி கையுறை ஃபேக்டரியில் ஷிப்ட் மாற்றி மாற்றி ஓடினாள். வீட்டில் இரண்டே அறை. ஒன்றில் தாயும் மகளும், மற்றதில் மகன். ரமணிக்கு ஹாலில் ஒரு மெத்தை. எல்லாரும் டிவி பார்த்து முடித்தால்தான் அவளுக்குப் படுக்கை.

போன மாதம் திவாகரைப் பார்க்கப் பெண்வீட்டார் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து நின்றார்கள். ரமணி மெத்தையைச் சுருட்டி வாஷிங் மெஷினுக்குப் பின்னால் திணித்தாள். மாற்றுச் சேலையைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே போய் உடுத்துவதென்று தெரியாமல் அடுப்படியில் நின்றாள். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த யோகேஸ்வரிக்கு அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமிருக்கவில்லை.

பாடாங் செராயிலிருந்து காண்ட்ராக்டர் புவனேசன் வந்து அளந்தார். டேப்பின் மறுமுனையை ரமணிதான் பிடித்தாள். அறை திவாகருக்கும் வரப்போகிற மருமகளுக்கும் என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள். யோகேஸ்வரியும் திருத்தவில்லை. உண்மையைச் சொன்னால் டேப்பைப் போட்டுவிட்டுப் போய்விடுவாள் என்று தெரியும்.

செலவைக் குறைக்கப் புவனேசன் வழி சொன்னார். தகரக் கூரை, சிமெண்டுத் தரை, சின்ன ஜன்னல், இருக்கிற குளியலறையே போதும் என்றார். ரமணி ஒன்றுக்கும் ஒத்துக்கொள்ளவில்லை.

"சிலிங் இல்லாட்டி மத்தியானம் வெந்துரும் தம்பி. ஜன்னல் பெருசா, கிழக்கால வைங்க, காத்து வரணும். தரைக்கு வழுக்காத டைல்ஸ். குளிக்கிற இடமும் உள்ளேயே இருக்கட்டும்லா. ராத்திரியில எழுந்திரிச்சா இருட்டுல தடவிக்கிட்டுப் போகக் கூடாது."

யோகேஸ்வரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மருமகளுக்கென்று ரமணி கேட்டது ஒவ்வொன்றும் இந்த வீட்டில் அவளே பட்டுத் தெரிந்துகொண்டது.

இரண்டொரு நாளில் புவனேசன் கணக்கை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அஸ்திவாரம், சாக்கடையை மாற்றுவது, நகராண்மைக் கழக அனுமதி, எதிர்பாராத செலவுக்கு ஒரு தொகை என்று எல்லாம் சேர்த்து முப்பதாயிரம் வெள்ளியை நெருங்கியது. யோகேஸ்வரி நினைத்திருந்தது இருபது. அவள் கணக்கைத் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்ப்பதைக் கண்ட ரமணி, எதையும் குறைக்க வேண்டாம், பற்றாததற்குத் தன் சங்கிலியை அடகு வைக்கலாம் என்று கழுத்தில் கை வைத்தாள்.

"அக்கா, அந்த ரூம் உங்களுக்கு," என்றாள் யோகேஸ்வரி.

ரமணிக்கு அது விளங்கவே சற்று நேரமாயிற்று. விளங்கியதும் அதே வாய் ஒவ்வொன்றாக வெட்ட ஆரம்பித்தது. டைல்ஸ் எதற்கு, தனக்குச் சிமெண்டுத் தரை போதும். சிலிங் வேண்டாம், குளியலறை வேண்டவே வேண்டாம். கடைசியில் அறையே வேண்டாம் என்று எழுந்துவிட்டாள். யோகேஸ்வரி அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"நைட் ஷிப்டுல மத்த அம்மாமாருங்க ரெஸ்ட் நேரம் வந்தாலே போனைத் தூக்கிக்கிட்டு ஓடுவாங்க. பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுச்சா, சாப்பிட்டுச்சான்னு. நான் ஒரு நாளும் ஓடுனதில்ல அக்கா. நிம்மதியா உக்காந்து சாப்பிட்டேன். நீங்க இருந்தீங்க."

ரமணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், மறுபடி எழுந்திருக்கவில்லை.

மாலையில் கூலிம் நகரில் வேலை முடிந்து வந்த திவாகர் கணக்கைக் கேட்டான். குளியலறையும் டைல்ஸும் தன் செலவு என்று சொல்லிவிட்டான். பெரிய மண்டபத்துக்குப் பதில் கோயில் மண்டபத்தில் கல்யாணத்தை வைத்துக்கொண்டால் போயிற்று. நிச்சயமான பெண்ணிடமும் அப்போதே போனில் பேசிவிட்டான், அவளுக்கும் அது சம்மதம். யோகேஸ்வரி புவனேசனைக் கூப்பிட்டு, அக்கா முதலில் சொன்னபடியே ஒன்றும் குறைக்காமல் கட்டச் சொன்னாள்.

பின்வீட்டு மலாய்க்கார மாமி நகராண்மைக் கழகம் கேட்ட சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டதோடு, வேலை நடந்த நாளெல்லாம் துணி காயப்போடத் தன் கொடியையும் விட்டுக்கொடுத்தார். தோண்டும்போது பழைய குழாய் ஒன்று குறுக்கே வந்தது. எதிர்பாராத செலவுக்கென்று புவனேசன் ஒதுக்கியிருந்த தொகை அதற்குச் சரியாகப் போயிற்று. கல்யாணத்துக்கு முன்பே வேலை முடிந்து பால் காய்ச்சினார்கள்.

மறுநாள் காலை யோகேஸ்வரி எழுந்தபோது அடுப்படியில் விளக்கு எரியவில்லை. வழக்கமாக அவள் எழுவதற்குள் ரமணி கோப்பி போட்டு முடித்திருப்பாள். பின்னறைக் கதவு சாத்தியிருந்தது. பதறிப் போய்க் கிட்டே நின்று காது கொடுத்தாள். உள்ளே சீரான குறட்டை. விடியத் தொடங்கியிருந்தது, அக்கா இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள்.

யோகேஸ்வரி கால் சத்தம் கேட்காமல் திரும்பி வந்து தண்ணீரை அடுப்பில் வைத்தாள். சட்னிக்குப் பிளெண்டரை எடுத்த லோகேஸ்வரியிடம், இப்போது வேண்டாம், அத்தை எழுந்த பிறகு அரைக்கலாம் என்று மெல்லச் சொன்னாள்.