தை மாதத்துச் சூடு

இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. குளித்து, திருநீறு பூசி, பசியும் இல்லாமல் கோபமும் இல்லாமல் இருந்து இந்தச் சத்தியத்தைச் செய்கிறேன். நம்பாதவர்கள் நாங்கள் இருக்கிற லின்ஃபீல்டில் யாரை வேண்டுமானாலும் கேட்கலாம். அவர்களும் நம்பமாட்டார்கள்.

உலகத்தின் தென்கோடியில் இருக்கிற இந்த நாட்டில் குளிர் ஆடியில், கோடை தையில். போன வருடக் குளிரில் எங்கள் வீட்டில் தோசை மா புளிக்கவில்லை. என் மனைவி வசந்தமலர் மாச்சட்டியைக் கம்பளியால் சுற்றினாள், ஓவனுக்குள் வைத்தாள், கடைசியில் என் பக்கத்தில் படுக்கவும் வைத்தாள். மா அசையவில்லை.

"இஞ்சாருங்கோ, அடுத்த குளிருக்கும் வீடு இப்பிடித்தான் எண்டால் நான் பிரணவியோட போய் இருக்கப்போறன். குளிர் முடியத்தான் வருவன்."

பிரணவி எங்கள் மகள். கொஞ்சத் தூரத்தில், ஆல்பனியில் இருக்கிறாள். அங்கே மா புளிக்கும். வசந்தமலர் போனால் எனக்குத் தோசையும் இல்லை, சண்டை பிடிக்க ஆளும் இல்லை.

ஈஸ்ட் டாமாக்கியில், வீட்டைச் சூடாக்குகிற ஹீட் பம்ப் பொருத்தும் வேலை செய்கிற யசீகரனைக் கூப்பிட்டேன்.

"ரெண்டு வகை இருக்கு, அங்கிள். வெளிக்காத்தில இருந்து சூட்டை எடுக்கிறது ஒண்டு. நிலத்துக்குள்ள குழாய் தாட்டு எடுக்கிறது மற்றது. ஆழத்தில கோடையும் குளிரும் ஒரே சூடுதான். வெயில் காலத்தில அதே குழாயால வீட்டுச் சூட்டைக் கீழ அனுப்பி வீட்டைக் குளிராக்கலாம்."

பக்கத்து வீட்டுக் கோதண்டராமன் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். தஞ்சாவூர்க்காரர். கம்ப்யூட்டர் வேலை.

"சார், சுவத்துல ஒரு பெட்டிய மாட்டினா முடிஞ்சுது. அதுக்குப் போயி யாராச்சும் கொல்லையத் தோண்டுவாங்களா?"

"தம்பி, குளிரில நடுங்கிக்கொண்டு நிக்கிறவனிட்டப் போய்ப் போர்வை கேப்பீங்களோ? காத்தும் அப்பிடித்தான். நான் நிலத்திட்டையே கேக்கிறன்" என்றேன்.

மார்கழியில் துளையிடும் இயந்திரம் வந்தது. மத்தியானம் யசீகரன் அதை நிறுத்தினான்.

"காணும், அங்கிள். குழாய்க்கு இந்த ஆழம் போதும்."

"தண்ணி வந்ததோ?"

"தண்ணி எதுக்கு? இது கிணறு இல்லையே."

"டேய், நீயும் யாழ்ப்பாணத்தான்தானே? வளவுக்க குழி தோண்டி, தண்ணி காணாமல் மூடினால் சனம் என்ன கதைக்கும்?"

அவன் இயந்திரத்தை மறுபடி முடுக்கினான். தேவையான ஆழத்துக்குக் கீழே வெகுதூரம் போன பிறகு தண்ணீர் பீறிட்டது. வசந்தமலர் ஓடிவந்து, மற்ற எதையும் கேட்காமல், "நல்ல தண்ணியோ, உவரோ?" என்றாள். வாயில் வைத்துப் பார்த்தேன். நல்ல தண்ணீர். கொதித்துக்கொண்டிருந்ததால் அதிலேயே தேநீர் போட்டோம்.

குழாயை அவ்வளவு ஆழத்தில் இறக்கியதால்தான் மற்றதெல்லாம் நடந்தது. தையில் வீட்டுச் சூட்டைப் பம்ப் முழுதாகக் கீழே அனுப்பியது. வீடு குளத்தங்கரை போல இருந்தது. ஆடி பிறந்ததும் அதே சூட்டைத் திருப்பிக் கொண்டுவந்தது, அப்படியே, ஒன்றும் குறையாமல். தையில் பொரித்த மோர்மிளகாயின் வாசனையும் அதோடு வந்தது. கோதண்டராமன் தன் வீட்டில் இருந்தபடி தும்மினார்.

மா புளித்தது. மூடியைத் தள்ளியது, குசினிக் கதவைத் திறந்தது, வேலியைத் தாண்டியது.

"சார், உங்க மாவு எங்க கார் ஷெட்டுக்கு வந்திருச்சு!"

"சட்னி இருக்கோ, தம்பி?"

"இருக்கு சார்."

"பிறகென்ன!"

அதன்பின் அவர் சுவர்ப் பெட்டியைப் பற்றி வாய் திறக்கவில்லை.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது, ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் சூட்டுக்காற்று வருகிற துவாரத்திலிருந்து என் குரல் கேட்டது. தையில் நான் வாய்க்குள் முணுமுணுத்தது, நிலத்துக்குள் போய்ப் பழுத்துப் பெருத்து வந்திருந்தது.

"இவளின்ர சம்பலுக்கு எப்பவும் உப்புக் காணாது."

வசந்தமலர் கரண்டியை வைத்தாள்.

"ஆர் சொன்னது?"

"அது தை மாசத்து ஆள். ஆடி மாசத்து ஆளுக்கு உப்பெல்லாம் சரியாத்தான் இருக்கு."

அவள் அறைக்குள் போனாள். பெட்டி இழுக்கும் சத்தம் கேட்டது. பிரணவிக்குப் போன் போட்டு, "வந்து கூட்டிக்கொண்டு போ பிள்ளை" என்றாள். நான் துவாரத்தைக் கும்பிட்டபடி நின்றேன். முணுமுணுப்பில் இன்னும் பாதி வரவேண்டியிருந்தது. கீழே எங்கேயோ சிக்கியிருக்க வேண்டும். நான் போனில் கூப்பிட, யசீகரன் ஓடிவந்து பம்பின் வேகத்தைக் கூட்டிவிட்டான். அவள் வாசலில் சப்பாத்துப் போடும்போது அது வந்து சேர்ந்தது.

"ஆனா, இவள் இல்லாட்டி எனக்கு அந்தச் சம்பலும் இறங்காது."

வசந்தமலர் சப்பாத்தைக் கழற்றினாள்.

"இதை அப்பவே சத்தமாச் சொல்லியிருக்கலாம்தானே?" என்று கேட்டுக்கொண்டு தோசைக்கல்லை அடுப்பில் வைத்தாள். பிரணவி வந்து, சாப்பிட்டுவிட்டுத் தனியாகத் திரும்பிப் போனாள்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன்: வசந்தமலரும் நானும் குடியிருப்பது அடுக்குமாடிக் கட்டிடம் ஒன்றின் மூன்றாம் மாடியில்.