குடல் கிழிந்தவனுக்குத் தண்ணீர்

ஞாயிற்றுக்கிழமை ஆட்டைக் கூறு போடுகிற இடத்தில்தான் என் புருஷன் வசந்த்குமாரின் குடல் வெளியே வந்தது. மானாம்பதியில் நாலு வீடு சேர்ந்து வாங்கிய ஆடு. குடல் யாருக்கு என்று அவனுக்கும் பக்கத்து வீட்டுச் சின்னராசுவுக்கும் தகராறு. இரண்டு பேருக்கும் காலையிலேயே போதை. இவன் சின்னராசுவின் வாயில் குத்தினான், பல் தெறித்தது. சின்னராசு கறிக்கத்தியை இவன் தொப்புளுக்குப் பக்கத்தில் இறக்கி இழுத்துவிட்டு, கத்தியோடு ஓடிவிட்டான்.

நான் ஓடிப்போனபோது தார்ப்பாயில் மல்லாந்து கிடந்தான். எது ஆட்டுக் குடல், எது என் புருஷன் குடல் என்று முதலில் எனக்கே தெரியவில்லை. ஈர வேட்டியைப் போட்டு மூடி அழுத்திப் பிடித்துக்கொண்டேன். ஆம்புலன்ஸுக்கு யாரோ போன் போட்டிருந்தார்கள்.

"தண்ணி... தேவகி, தண்ணி..." என்றான்.

மாமியார் செங்கேணி சொம்போடு ஓடிவந்தாள். "இன்னாடி பாத்துக்கினு கீற? புள்ள தவிக்கிறான், ஒரு வாய் ஊத்துடி!"

போன வருஷம் இதே வசந்த்குமார், குழம்பில் உப்பில்லை என்று என் வயிற்றில் உதைத்தான். வாய்வுப் பிடிப்பு என்று சொல்லி இதே செங்கேணிதான் எனக்குச் சோடா குடிக்கக் கொடுத்தாள். மறுநாள் வயிறு பானையாக உப்பி, காய்ச்சலில் பிதற்றிக்கொண்டு செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாடு முட்டியது என்று சொல்ல வைத்தார்கள். பிழைத்த பிறகு டாக்டரம்மா என் தொண்டையிலிருந்து அடிவயிறு வரை விரலால் கோடு இழுத்துக் காட்டினார்.

"வாய்ல போறது உணவுக்குழாய் வழியா இரைப்பைக்கு வரும். அங்க அமிலத்துல கூழாகி சிறுகுடலுக்கு இறங்கும். சத்த உறிஞ்சறது சிறுகுடல்தான். மிச்சத்துல இருக்கிற தண்ணிய பெருங்குடல் இழுத்துக்கும், சக்கை மலமாப் போகும். எல்லாம் ஒரே குழாய், தேவகி. நடுவுல கிழிஞ்சா, குடிச்சதெல்லாம் குழாய விட்டு வயித்துக்குள்ள கொட்டும், சீழ் பிடிக்கும். உனக்குக் குடல் கிழிஞ்சிருந்துச்சு, நீ குடிச்ச சோடா அங்கதான் போச்சு."

ஆக, இவன் சாக செங்கேணி கையிலிருந்த சொம்பு போதும். யாரும் என்னைக் குற்றம் சொல்லமாட்டார்கள். கடைசி நேரத்தில் புருஷனுக்குத் தண்ணீர் கொடுத்த உத்தமி என்றுதான் பேசுவார்கள். பொய் சொல்வானேன், சொம்பை வாங்கக் கை நீண்டது.

அவன் காய்ந்த உதட்டை நக்கினான். அவன்மேல் எனக்குப் பாசம் எதுவும் மிச்சமில்லை. ஆனால் அந்த வலி எனக்குத் தெரியும். வயிற்றுக்குள் நெருப்பை வைத்துத் தைத்த மாதிரி இருக்கும். எந்த நாய்க்கும் அது வேண்டாம். சொம்பைத் தட்டிவிட்டேன்.

"பழி தீத்துக்கிறியாடி பாவி!" செங்கேணி என் மயிரைப் பிடித்து முகத்தைக் கறிக்கட்டையில் மோதினாள். மூக்கு உடைந்தது. பின்னாலிருந்து யார் யாரோ முதுகில் மிதித்தார்கள். இன்னொருத்தி வேறொரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். கட்டையில் கிடந்த அரிவாளை எடுத்தேன்.

"எவளாச்சும் தண்ணி குடுத்தா கைய வெட்டிடுவேன்!"

ஒரு கையில் வேட்டி, ஒரு கையில் அரிவாள். ஆம்புலன்ஸ் வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவன் அரிவாளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அதே ஆஸ்பத்திரியில், அதே டாக்டரம்மா அவன் குடலைத் தைத்தார். தண்ணீர் கொடுக்கவிடாமல் தடுத்ததை அவரிடம் சொல்லியிருந்தேன். பிழைத்துக்கொண்டான். தண்ணீர் கொடுக்கலாம் என்று டாக்டரம்மா வந்து சொன்னதும் டம்ளரை அவன் வாயருகே கொண்டுபோனேன். கட்டிலின் மறுபக்கம் நின்ற செங்கேணியிடம் ஒடுங்கினான்.

"அவ கையால வேணாம்மா. நீ குடும்மா."

உதைத்து உதைத்துப் பழகியவன், என் கையைப் பார்த்து நடுங்கினான்.

"யோவ், உன்னக் காப்பாத்தினதே..." என்று ஆரம்பித்த டாக்டரம்மாவின் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தேன்.

"சொல்லாதீங்க டாக்டரம்மா. நான் சாவடிக்கப் பாத்தேன்னே நெனச்சிக்கினு கெடக்கட்டும்."

"ஏம்மா?"

"திரும்பவும் அந்தாளோட ஒரே வூட்லதான இருக்கணும்?"